ஒப்பீட்டுக் கிராமம் மாநாட்டுக்கு வந்தது

1. தவறான அரங்கு

1995 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, சென்னையில் ஒரு ஹோட்டலின் முதல் மாடியில், நான் தவறான அரங்கில் முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

மதிப்பீட்டுத் துறையில் வேலை செய்பவர்களுக்கான மாநாடு அது. அரசோ தொண்டு நிறுவனமோ ஒரு திட்டம் நடத்தினால், அது சொன்ன பலனைத் தந்ததா இல்லையா என்று அளந்து சொல்வது எங்கள் தொழில். அளக்கிறவர்கள் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, எப்படி அளந்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். 1974இல் மதுரையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். 2009இல் ஓய்வு பெற்றேன். இடையில் இப்படி ஒன்பது மாநாடுகள். ஒவ்வொன்றின் நிகழ்ச்சி நிரலும் சாப்பாட்டு டோக்கனின் கிழித்த பாதியும் என்னிடம் இருக்கின்றன. எதுவும் எனக்கு முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். இந்த மாநாடு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

ஒரே நேரத்தில் மூன்று அரங்குகளில் பேச்சு நடந்தது. வைகை, காவிரி, பொருநை என்று அரங்குகளுக்குப் பெயர். எங்கள் அமர்வு காவிரியில். நான் வைகையில் போய் உட்கார்ந்தேன். வைகை எங்கள் பக்கத்து ஆறு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மேடையில் ஒருவர் கறவை மாடுகளைப் பற்றிப் பேசினார். நான் வரிவிடாமல் குறிப்பெடுத்தேன். நாம் கொண்டுவந்திருப்பது கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றிய அறிக்கையாயிற்றே, இன்னும் கடலே வரவில்லையே என்று இரண்டாவது பக்கத்தில்தான் சந்தேகம் வந்தது. அதற்குள் ராக்கம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"சாரு, இங்கனயா இருக்கீக? அங்கன பெரிய சாரு உங்களத் தேடித் தவிக்கிறாக."

அரங்கே திரும்பிப் பார்த்தது. மாடுகளைப் பற்றிப் பேசியவர் நிறுத்திவிட்டார்.

"நீங்க பேசுங்கய்யா, நாங்க எங்க ஆள மட்டும் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் அவரிடம்.

2. நான்காம் ஊரும் பதினோராம் ஊரும்

ராக்கம்மாள் வாலிநோக்கத்துக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரி. ஊரின் பெயரை எழுத மாட்டேன். எங்கள் தொழிலில் ஊர்களுக்கு எண் மட்டும்தான். பெயர் பூட்டிய அலமாரியில் இருக்கும். அவளுடைய ஊர் எண் நான்கு.

நான்காம் ஊர்ப் பெண்கள் கடற்பாசி எடுப்பவர்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றுகிற நாட்களில், விடிந்ததும் படகில் ஏறித் தீவுப் பக்கம் போய், முங்கி முங்கிப் பாசி பறித்துப் பிற்பகலில் திரும்புவார்கள். ஆண்களும் கடலில். பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடுகளில் சின்னப் பிள்ளைகளை என்ன செய்வது? பழைய சேலைத் துணியால் பிள்ளையின் காலை வாசற்காலில் கட்டிவிட்டு, எட்டும் தூரத்தில் ஒரு சட்டியில் கஞ்சியும் வைத்துவிட்டுப் போவார்கள். நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தண்ணீரில் பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கட்டினார்கள்.

1993இல் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே பிள்ளைகள் காப்பகம் ஒன்றைத் திறந்தது. ஓட்டுக் கொட்டகை ஒன்று, பாய்கள், இரண்டு வேளைச் சாப்பாடு, மும்தாஜ் என்று ஒரு டீச்சர். பணம் தந்த அமைப்பு தொடக்கத்திலேயே எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: காப்பகத்தால் பிள்ளைகள் உடம்பு தேறியதா? தேறியது என்றால் தொடரும். இல்லையென்றால் 1996 மார்ச்சோடு மூடிவிடுவார்கள்.

இதை அளப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. காப்பகம் உள்ள ஊரையும், எல்லா வகையிலும் அதைப் போலவே இருந்து காப்பகம் மட்டும் இல்லாத இன்னோர் ஊரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பிள்ளைகளை எடை பார்ப்போம். வித்தியாசம் இருந்தால் அது காப்பகத்தின் பலன். இரண்டாவது ஊருக்கு ஒப்பீட்டுக் கிராமம் என்று பெயர். ஒப்பீட்டுக் கிராமத்துக்கும் முதல் ஊருக்கும் போக்குவரத்து இருக்கக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவன் நான். எண் பதினொன்று. அங்கேயும் பாசி எடுக்கும் பெண்கள்தான். நான்கிலிருந்து பதினொன்றுக்குப் போக வேண்டுமானால், பஸ் ஏறி உள்ளே பெரிய சாலைக்கு வந்து, ஒரு விலக்கில் இறங்கிக் காத்திருந்து, வேறு பஸ் பிடித்து மறுபடியும் கடற்கரைக்குப் போக வேண்டும். எனக்கு அரைநாள் ஆனது. படிவத்தில் 'சாலை வழித் தூரம்' என்ற கட்டத்தை நிரப்பினேன். 'தொடர்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவன். கடல் எனக்கு ஊர் முடிகிற இடம். அதற்கு மேல் வழி இருக்கிறது என்று தோன்றியதே இல்லை. இந்தக் கரையின் ஊர்கள் காலங்காலமாகக் கடல்வழியாகவே கொண்டும் கொடுத்தும் வந்தவை என்பதைப் பழைய மாவட்டக் கையேட்டில் படித்து, பென்சிலால் கோடும் போட்டிருந்தேன். படித்தது ஒரு பக்கம் இருந்தது, படிவம் ஒரு பக்கம் இருந்தது.

இரண்டு ஆண்டுகள் எடை பார்த்தோம். முடிவு வந்தது. வித்தியாசம் இல்லை.

3. பயனாளி அட்டை

எங்கள் இயக்குநர் வரதராஜன் சார் அந்த முடிவை மாநாட்டில் படிக்கப்போவதாகச் சொன்னார். பணம் தந்த அமைப்பின் அதிகாரி கமலா மேடமும் வருவதாக இருந்தது. காப்பகத்தின் கதி அங்கேயே தெரிந்துவிடும். மாநாட்டுக்காரர்கள் அந்த ஆண்டு புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள்: ஒவ்வொரு கட்டுரையோடும் ஒரு பயனாளி வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். நான்காம் ஊர்ப் பெண்கள் கூடி ராக்கம்மாளை அனுப்பினார்கள். "மூடப்போறாகளாமே, நேர்ல போயிக் கேட்டுட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு அவள் தனியாக வரவில்லை. கூட இன்னொருத்தி. "எங்க நாத்தனா செல்வி. துணைக்கு வாரா" என்றாள். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. நான்காம் ஊரில் எடை பார்க்கும்போது பார்த்திருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலில் நான் என் குறிப்பேடுகளைச் சரிபார்த்தேன். அவர்கள் இருவரும் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள்.

மாநாட்டு வாசலில் ஒரு மேசை. ஒவ்வொருவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை. எனக்கு 'களப் பங்கேற்பாளர்'. ராக்கம்மாளுக்கு 'பயனாளி'. செல்வியைப் பார்த்து மேசையில் இருந்த பெண், "இவங்களும் பயனாளிதானே?" என்று கேட்டாள்.

நான் "ஆமாம்" என்றேன்.

செல்வி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதக் காட்டுனா சோறு போடுவாகளா சாரு?"

"போடுவார்கள். மத்தியானம் ஒன்றேகாலுக்கு."

"அப்ப குத்திவிடுங்க."

4. பிளாஸ்டிக் தாளில் ஒரு படம்

ராக்கம்மாள் என்னைக் காவிரி அரங்குக்குக் கூட்டிவந்தபோது வரதராஜன் சார் மேடை ஏறியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிளாஸ்டிக் தாள்கள் என் பையில் இருந்தன. அந்தக் காலத்தில் படங்களைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் வரைந்து, விளக்கு உள்ள ஒரு பெட்டிமேல் வைத்துத் திரையில் காட்டுவோம். தாள்களைக் கொடுத்துவிட்டு இரண்டு பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

எங்களுக்கு முன்னால் பேசியவரை இருவர் எழுந்து மடக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்.

"என்ன சாரு, சண்டையா?" என்று ராக்கம்மாள் காதுக்குள் கேட்டாள்.

"சண்டை இல்லை. விவாதம்."

"சிரிச்சுக்கிட்டே பேசுறாக. ஆனா சண்டைதான். எங்க ஏலக்கொட்டகையிலயும் இப்படித்தான்."

பிறகு வரதராஜன் சார் தொடங்கினார். முதல் தாள் வரைபடம். நானே இங்க் பேனாவால் வரைந்தது. நீலத்தில் கடல், சிவப்பில் சாலை, இரண்டு வட்டங்களுக்குள் 4, 11 என்ற எண்கள். வட்டங்களுக்கு நடுவே சிவப்புக் கோடு பெரிய வளைவாக உள்ளே போய்த் திரும்பியது.

செல்வி திரையைக் கூர்ந்து பார்த்தாள். "அது என்ன சாரு?"

"நீங்கள் இருக்கிற கடற்கரைதான். இது உங்கள் ஊர், நான்கு. இது வேறோர் ஊர், பதினொன்று" என்று சொல்லி, பதினொன்றின் பெயரையும் மெதுவாகச் சொன்னேன்.

"எங்க ஊருக்குப் பேரு வைக்காம நம்பரு போட்டுருக்கீகளே, நாங்க என்ன பஸ்ஸா?" என்றாள் ராக்கம்மாள்.

செல்வி சிரிக்கவில்லை. "சாரு, நீங்க சொன்ன அந்தப் பதினொண்ணுதான் என் ஊரு. அங்கனதான் என்னக் கட்டிக்குடுத்தது. என் மகனத் தராசுல தொங்கவிட்டீகளே, கத்துனானே, மறந்துட்டீகளா?"

எனக்கு ஞாபகம் வந்தது. பிள்ளையின் அழுகைதான் முதலில் வந்தது, அதன் பிறகுதான் அவள் முகம். ஒப்பீட்டுக் கிராமம் சேலையில் பயனாளி அட்டை குத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"அப்புறம் எதற்கு நீ வந்தாய்?" என்று கேட்டேன்.

"எம் பிள்ளையும் மும்தாஜ் டீச்சர்ட்டதான இருக்கான்? மூடிட்டா நான் எங்கன விடுவேன்?"

மேடையில் வரதராஜன் சார் 'தொடர்பு இல்லாத கிராமம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்படிக் கொண்டுபோய் விடுகிறீர்கள்? பஸ்ஸே இல்லையே?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வி நிதானமாகச் சொன்னாள். "பஸ்ஸுல யாரு போறா? பாசிக்குப் போற வத்தையிலதான். தீவுக்குப் போற வழியில அண்ணி ஊருக் கரையில ஒரு நிமிசம் ஒதுக்குவோம். பிள்ளைகளத் தூக்கிக் குடுப்போம். திரும்பும்போது வாங்கிக்குவோம். எங்க ஊருல பாதிப் பிள்ளைக அங்கனதான்."

வத்தை என்பது அங்கே ஓடும் சிறிய படகு.

"நான் ஒருநாளும் பார்க்கவில்லையே?"

"நீங்கதான் கடலுக்குப் போற நாளுல வரவே மாட்டீகளே" என்றாள் ராக்கம்மாள்.

உண்மைதான். தாய்மார் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துப் பஞ்சாங்கத்தில் குறித்து, பதினைந்து நாள் முன்னதாகத் தபால் அட்டை போட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் இறங்குவேன். அந்த ஒழுங்குக்காக நிறுவனத்தில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. தாய்மார் வீட்டில் இருக்கும் நாளில் காப்பகத்துக்கு வெளியூர்ப் பிள்ளை ஏன் வரப்போகிறது?

எடையில் வித்தியாசம் ஏன் இல்லை என்று அந்த நாற்காலியில் எனக்கு விளங்கியது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பானையில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

எழுந்து சொல்ல வேண்டும் என்று முன்னால் நகர்ந்தேன். ராக்கம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள்.

"சொல்லிராதீக சாரு. வெளியூருப் பிள்ளையச் சேக்கக் கூடாதுன்னு டீச்சருட்ட எழுதி வாங்கியிருக்காக. அவுக வேலைக்கு ஆபத்தாயிரும்."

"சொல்லாவிட்டால் காப்பகத்தையே மூடிவிடுவார்கள்."

"சொன்னா?"

சொன்னால் முடிவு செல்லாது, டீச்சர் சிக்குவார். சொல்லாவிட்டால் டீச்சர் தப்புவார்; டீச்சருக்குக் காப்பகம் இருக்காது. என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் 'சொ' என்று ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது.

5. ஒரு நிமிடம்

கேள்வி நேரம் வந்தது. தலைமை வகித்தவர், "ஆளுக்கு ஒரு நிமிடம்" என்றார். தன் இயக்குநரிடமே எழுந்து கேள்வி கேட்கிற களப்பணியாளனை அந்த மாநாடு அதற்கு முன் பார்த்திருக்காது. என் ஆங்கிலம் எழுதுவதற்கு மட்டும் பழகியது. தமிழில் சொன்னேன்.

"சாலை வழித் தூரம் சரி. கடல் வழித் தூரத்தை நான் எடுக்கவில்லை. பதினோராம் ஊர்ப் பிள்ளைகளும் படகில் வந்து அதே காப்பகத்தில் இருந்திருக்கிறார்கள். தொடர்பு இல்லை என்று எழுதியது நான். தவறு என்னுடையது."

டீச்சரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வரதராஜன் சார் கையில் இருந்த தாளைப் பெட்டிமேல் வைத்தார். தலைகீழாக வைத்தார். அவரும் கவனிக்கவில்லை, சபையும் கவனிக்கவில்லை. கடல் மேலேயும் சாலை கீழேயுமாகத் திரையில் நின்றது. பிறகு அவர், "சுப்பையா சொல்றது சரின்னா, இந்த முடிவு நிக்காது" என்று தமிழிலேயே சொன்னார்.

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். நடந்தது வேறு. அரங்கில் இருந்தவர்கள் மகிழ்ந்துபோனார்கள். டீ இடைவேளையில் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். டெல்லிப் பேராசிரியர் ஒருவர் என் கையைக் குலுக்கி, இதைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும் என்றார். ஒப்பீட்டுக் கிராமம் கலப்படமானதற்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாதாம். இன்னொருவர் செல்வியைப் போட்டோ எடுத்தார். நான் செய்த தவறு ஒன்றுக்கு இவ்வளவு பாராட்டு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. காப்பகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டவர் கமலா மேடம் மட்டும்தான். டீக் கோப்பையோடு நேரே வரதராஜன் சாரிடம் வந்தார்.

"சிம்பிளா சொல்லுங்க சார். கிரெஷ் வேலை செய்யுதா இல்லையா?"

"இப்ப சொல்ல முடியாது மேடம்."

"சொல்ல முடியாதுன்னு நான் எப்படி எழுதுறது? எங்க ஃபார்ம்ல எஸ், நோ ரெண்டுதான் இருக்கு."

"ரெண்டும் பொய்யா இருக்கும்."

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, அந்தப் பிள்ளைங்க பேரு ரிஜிஸ்டர்ல இல்லையே? டீச்சர் மறைச்சாங்களா?"

பக்கத்தில் நின்ற ராக்கம்மாள் என்னைப் பார்த்தாள்; நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

வரதராஜன் சார், "ரிஜிஸ்டர் அச்சடிச்சுக் கொடுத்தது நாங்க மேடம். நாலாம் ஊர்ப் பேர் மட்டும்தான் அதுல இருந்துச்சு. வேற பேர் எழுத ஒரு கோடுகூட நாங்க போடல. டீச்சர் எங்க எழுதுவாங்க?" என்றார்.

அது உண்மை. ஆனால் முழு உண்மையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மேடம் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுபடி அளக்க வேண்டும், அதுவரைக்கும் மூட மாட்டோம் என்றார். ராக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மேடம் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "ஆனா அளந்து முடிக்கிற வரைக்கும் பதினோராம் ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணுகூட அங்க வரக் கூடாது. அப்பத்தானே வித்தியாசம் தெரியும்?"

வரதராஜன் சார் தலையாட்டினார். செல்விக்கு அந்த வாக்கியம் புரிந்தது. அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள். மத்தியானம் அவள் சாப்பிட வரவில்லை.

பயனாளியின் இரண்டு வார்த்தைக்கு நேரம் போதவில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

6. வத்தையில்

பதினோராம் ஊர்க்காரர்களிடம் இனி பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. 1996 ஜனவரி, தை அமாவாசையை அடுத்த நாள். முதன்முதலாக, தபால் போடாமல், கடலுக்குப் போகும் நாளில் நான்காம் ஊர்க் கரைக்குப் போய் நின்றேன்.

வெயில் ஏறும் முன்பே இரண்டு வத்தைகள் வந்து ஒதுங்கின. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். மும்தாஜ் டீச்சர் புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக வாங்கினார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த பிள்ளையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நான் யாரையும் ஏமாத்தல. அல்லா அறிய, கஞ்சியில கொஞ்சம் தண்ணி கூட ஊத்துனேன், அவ்வளவுதான்."

"உங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை டீச்சர்."

"அப்ப என்ன சொல்ல வந்தீங்க?"

நான் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எடுக்கவில்லை. வத்தையில் இருந்த செல்விதான் கூப்பிட்டாள்.

"சாரு, தள்ளிவிட வந்தீகளா? தள்ளிவிடுறதுக்கு முன்னாடி ஒருக்கா ஏறிப் பாருங்க. எம்புட்டுத் தூரம்னு உங்க கடியாரத்துல பாத்து எழுதிக்கோங்க."

"சாரு ஏறுனா வத்த முங்கிரும்டி" என்றாள் இன்னொருத்தி.

"முங்கட்டும். பாசியா இருந்தா எடுத்துக்குவோம், சாரா இருந்தா விட்டுட்டு வந்திருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். அவர்களுக்குப் பாசி நேரம் போய்க்கொண்டிருந்தது. என்றாலும் என்னைப் பதினோராம் ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் தீவுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் பலகையை இறுகப் பிடித்திருந்ததால் கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை. கரையில் கால் வைத்த பிறகு பார்த்தேன். இருபத்தாறு நிமிடம்.

அன்று மாலை வரதராஜன் சாருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பதினொன்று ஒப்பீட்டுக் கிராமம் அல்ல, அதுவும் காப்பகம் உள்ள ஊர்தான். இரண்டையும் ஒரே ஊராகக் கணக்கில் எடுத்து, ஒப்பிடுவதற்குப் புதிதாக ஓர் ஊரைத் தேடலாம் என்று. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மேடம் ஒப்புக்கொண்டார்களாம். பிள்ளைகள் வரலாம். புது ஊர் கிடைத்த பிறகு எடை பார்க்கத் தொடங்கலாம். அதுவரை காப்பகம் நடக்கும்.

7. கிடைக்காத ஊர்

1996 மார்ச்சிலிருந்து தேடினேன். வாலிநோக்கத்தில் தொடங்கிப் பாம்பன்வரை. நான்காம் ஊரோடும் பதினோராம் ஊரோடும் கொண்டு கொடுத்தலும் படகுத் தொடர்பும் இல்லாத பாசி ஊர் ஒன்று வேண்டும். போன இடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்: "இங்கே இருந்து அந்த ஊரில் யாருக்காவது பெண் கொடுத்திருக்கிறீர்களா?"

ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருத்திக்கு அங்கே ஓர் அத்தை இருந்தாள். பாம்பனில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் குறிப்பேட்டையும் கேள்வியையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம், "ஏலே, கல்யாணத் தரகரு வந்திருக்காரு, அந்தக் கெழக்கு வீட்டுப் பயலக் கூப்புடு" என்றார். பையனும் தலைசீவிக்கொண்டு வந்துவிட்டான். அக்காள்மடம் பக்கத்தில் ஒரு வீட்டில் என்னை உட்காரவைத்துப் பெண்ணின் நட்சத்திரமே சொன்னார்கள்.

இப்படி ஊர் ஊராகப் பட்டியலில் சேர்த்து, காரணம் எழுதி, அடித்துக்கொண்டே வந்தேன். 1997 செப்டம்பரில் பத்தொன்பதாம் ஊருக்குப் போனேன். பாதிப் பேர் உப்பளத்தில், பாதிப் பெண்கள் பாசியில். நான்கு பேரிடம் விசாரித்தேன். அந்த இரண்டு ஊர்களோடும் சம்பந்தம் இல்லை. அவர்கள் படகுகள் அந்தப் பக்கம் போவதும் இல்லை. எனக்கு வேண்டிய ஊர் அதுதான்.

குறிப்புக் கட்டத்தில் 'மழைக்காலத்தில் பாதை இல்லை. தகுதியற்றது' என்று எழுதினேன்.

பாதை இல்லாதது உண்மை. மழைக்காலத்தில் பாதை இல்லாத வேறு ஊர்களுக்கு நான் முழங்கால் சேற்றில் நடந்து போயிருக்கிறேன் என்பதும் உண்மை. இருபதாம் ஊர், இருபத்தொன்றாம் ஊர் என்று தேடல் தொடர்ந்தது. ஒப்பீட்டுக் கிராமம் கிடைக்காததால் மறு மதிப்பீடு தொடங்கவே இல்லை. தொடங்காததால் மூட முடியவில்லை. 1999இல் அரசு இரண்டு ஊர்களிலும் அங்கன்வாடி திறந்தது. பிள்ளைகள் அங்கே போனார்கள். மும்தாஜ் டீச்சரையும் உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பின் மேல் 'நிலுவை' என்று எழுதிக் கட்டிவைத்தோம்.

2003இல் வரதராஜன் சார் ஓய்வு பெற்றார். விருந்து முடிந்து கைகழுவும் இடத்தில் என்னிடம் கேட்டார்.

"சுப்பையா, இப்பவாவது சொல்லுங்க. ஊர் கிடைக்கலையா, கிடைச்சும் நீங்க எழுதலையா?"

"பத்தொன்பதைப் பாதைக்காக விட்டேன் சார்."

"பாதைக்காகத்தானா?"

"எனக்கே தெரியல சார்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க பட்டியல நான் கூர்ந்து பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல" என்றார். அவர் என்னை மன்னித்தாரா, தன்னையே குறை சொல்லிக்கொண்டாரா என்பதும் எனக்குப் புரியவில்லை.

இது ஒரு காப்பகத்தைக் காப்பாற்றிய செய்தியாக முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அடுத்து வந்த மாநாடுகளில் தேநீர் நேரத்தில் அப்படித்தான் சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. எடை பார்க்கும்போது மிகவும் இளைத்த பிள்ளையைக் கண்டால், அது எந்த ஊர்ப் பிள்ளையானாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. பதினோராம் ஊரிலிருந்து அப்படி மூன்று பிள்ளைகளை நானே பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கிறேன். ஒப்பீட்டுக் கிராமத்துக்கு எங்களால் கிடைத்த ஒரே நன்மை அது. பத்தொன்பதாம் ஊரில் நாங்கள் தராசைத் தொங்கவிடவே இல்லை. அந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்காக நான் பட்டியலில் அடித்த ஊரில் யார் பிள்ளை எப்படி இருந்தது என்று எங்கள் அலமாரியில் ஒரு தாள்கூடக் கிடையாது.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு, தபால் போடாமல் போங்கள், படகில் ஏறிப் பாருங்கள் என்றெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். ஓர் ஊரை வேண்டாம் என்று எழுதுவதானால், அந்த ஊருக்குள் ஒருமுறை நடந்துவிட்டு வந்து எழுதுங்கள். பத்தொன்பதாம் ஊரில் நான் விசாரித்த நான்கு பேரும் ஊருக்கு வெளியே உப்பளத்து வரப்பில் நின்றவர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு அங்கிருந்தே திரும்பிவிட்டேன். திரும்பும்போது ஊருக்குள் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. எத்தனை பிள்ளைகள் என்று நான் பார்க்கவில்லை.